தமிழ் இசோரா மட்டும் ஏன் தோற்கிறான்?

'அலைமுஷ்டி: கடைசிக் களம்' வெளிவந்த முதல் வாரத்திலேயே ரசிகர் உலகம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒரு பாதி அந்த விளையாட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. மறுபாதி கரித்துக் கொட்டியது. அனிமே தொடரைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்தச் சண்டைகளைப் பார்த்தால் கண்ணீரே வந்துவிடும் என்று ஒருவன் எழுதினான். அதற்கு நேர் கீழே இன்னொருவன், இதற்கா இத்தனை வருஷம் காத்துக்கிடந்தோம் என்று காறித் துப்பியிருந்தான். எந்த விளையாட்டுக்கும் இது நடப்பதுதான். ரசிகன் என்கிற பிறவியைத் திருப்திப்படுத்த ஆண்டவனாலும் ஆகாது.

ஆனால் தமிழில் விளையாடியவர்கள் மட்டும் ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தார்கள். திட்டுவதற்கு அவர்களுக்கு ஓர் ஆள் கிடைத்திருந்தாள். சாலிகிராமத்தில் இரண்டாவது மாடி வீட்டில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த வசுமதிதான் அந்த ஆள்.

பல வருஷங்களுக்கு முன்னால் 'அலைமுஷ்டி' தொடர் தமிழில் வந்தபோது, பதினான்கு வயது நாயகன் இசோராவுக்குக் குரல் கொடுத்தவள் அவள். பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து, யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு இசோரா என்றால் அவள் குரல்தான். அந்தப் பிள்ளைகள் இப்போது மீசை முளைத்து, கையில் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு அவளைத் திட்டினார்கள்.

குற்றச்சாட்டு இதுதான். மற்ற மொழிகளில் இசோரா யாரோடு மோதினாலும் ஒரே மாதிரிதான் சண்டை போடுகிறான். தமிழில் வைத்து விளையாடினால் இன்னும் வேகமாகவே போடுகிறான். ஆனால் வில்லன் ஓனிபாரா எதிரே வந்து வாயைத் திறந்தால் போதும், தமிழ் இசோரா அரை நொடி நின்றுவிடுகிறான். அதற்குள் அடி விழுந்துவிடுகிறது. யார் ஆடினாலும் தோல்விதான். தமிழ்க் குரலில் மட்டும்தான் இந்தக் கூத்து.

"படிக்காதேம்மா," என்றாள் ஆதிரை. பிசியோதெரபி கடைசி வருஷம் படிக்கிற மகள். "பொழப்பு இல்லாதவனுங்க."

வசுமதி போனைப் பிடுங்கிப் படித்தாள். 'டப்பிங் சொதப்பல்.' 'பேசத் தெரியாத பொம்பளையை வைத்து கேமைக் கெடுத்துவிட்டார்கள்.' ஒரு புண்ணியவான் அவளுடைய பழைய புகைப்படத்தை எங்கிருந்தோ தேடி எடுத்து, அதன் வாயில் இன்ஹேலரை ஒட்டி, 'ஆஸ்துமா ஆன்ட்டி' என்று பெயர் வைத்திருந்தான். அதைப் பல்லாயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள்.

அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். திட்டு வாங்காமல் யாரும் இந்தத் தொழிலில் இத்தனை காலம் ஓட்டியதில்லை. பொறுக்க முடியாதது அதற்கு அடுத்து வந்த வீடியோ. யூடியூப் சேனல் ஒன்றில் மார்த்தாண்டன் உட்கார்ந்திருந்தான். ஓனிபாராவின் குரல். டப்பிங் கலைஞர்கள் சங்கத்தில் இப்போது பெரிய பொறுப்பில் இருப்பவன். ஒருகாலத்தில் வசுமதியின் கணவன்.

"வசுமதி நல்ல ஆர்ட்டிஸ்ட்தாங்க, நான் குறையே சொல்ல மாட்டேன்," என்று அந்தக் கணீர்க் குரலில் சிரித்தான். "ஆனா என் எதிர்ல நின்னா அவங்களுக்கு மூச்சு வாங்கும். அந்தக் காலத்துலயே அப்படித்தான். என் குரலோட வெயிட் அது, நான் என்ன பண்ணட்டும்?"

பேட்டி எடுத்த பையனும் சேர்ந்து சிரித்தான். வசுமதி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி கத்தியை எடுத்தாள். ஆதிரை வந்து கையைப் பிடித்து நிறுத்தியபோது பலகையில் பீன்ஸ் பொடிப்பொடியாகிக் கிடந்தது.

அவனை விட்டு அவள் வெளியே வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஏன் வந்தாள் என்று யாருக்கும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு 'ஒத்துவரல' என்ற ஒரே சொல்தான். தலைக்கனம் பிடித்தவள் என்று தொழிலில் பெயர் வந்தது. அவள் அதையும் மறுக்கவில்லை. ஊரில் உள்ளவர்களின் அழுகையையும் ஆத்திரத்தையும் எல்லாம் வாடகைக்குப் பேசுகிற வாய், சொந்தக் கதைக்கு மட்டும் திறக்கவில்லை. அதை நினைத்தால் அவளுக்கு அவள் மேலேயே பற்றிக்கொண்டு வரும்.

அதற்கு இரண்டு நாள் கழித்து விளையாட்டுக் கம்பெனியிலிருந்து ஷாகிரா வந்தாள். வாணியம்பாடிப் பெண், பெங்களூர் அலுவலகத்தில் ஒலிப் பிரிவைப் பார்ப்பவள். செருப்பை வாசலில் ஒழுங்காக விட்டுவிட்டு, கொடுத்த காபியைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு பேசினாள்.

"மேடம், மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். தப்பு உங்க மேல இல்ல. ஆனா அதை வெளிய எப்படிச் சொல்றதுன்னுதான் எங்களுக்குத் தெரியல."

"உள்ள எப்படிச் சொல்வீங்களோ அப்படிச் சொல்லுங்க."

"இது பழைய கேம் மாதிரி இல்ல மேடம். முன்னாடி உடம்பை ஒருத்தர் வரைவாங்க, குரலைக் கொண்டாந்து மேல ஒட்டுவாங்க. இதுல தலைகீழ். குரலைக் கேட்டுத்தான் இன்ஜின்ங்கற எங்க சாஃப்ட்வேர் உடம்பையே உண்டாக்குது. நீங்க எங்க மூச்சு இழுக்கிறீங்க, எங்க பல்லைக் கடிக்கிறீங்க, எதிர்ல யார் பேசினா உங்க தொண்டை இறுகுதுன்னு கேட்டுக் கத்துக்கிட்டு, இசோரா எப்படி நிப்பான், எப்பப் பாய்வான்னு அதுவா முடிவு பண்ணும். அதனால ஒவ்வொரு மொழியிலயும் அவன் வேற ஆளு. ஸ்பானிஷ்ல முன்கோபி. தமிழ்லதான் ரொம்ப வேகம். உங்க வேகம்."

வசுமதிக்கு அந்த நிலையிலும் ஒரு கணம் உச்சி குளிர்ந்தது. "அப்புறம் என்ன கோளாறு?"

"கோளாறே இல்ல மேடம். அதான் பிரச்சினை." ஷாகிரா மடிக்கணினியைத் திறந்தாள். "மத்த ஸ்டூடியோக்காரங்க பழைய தொடரோட பதிவுல முடிஞ்ச டேக்கை மட்டும்தான் வெச்சிருந்தாங்க. உங்க ஸ்டூடியோல மட்டும் எல்லாமே இருந்துச்சு. தப்புன டேக், நடுவுல நீங்க தண்ணி குடிச்சது, இருமினது, எல்லாம். ரெக்கார்டிங் ஓட ஆரம்பிச்சா ரோலை நிறுத்தவே மாட்டாங்களாமே? இன்ஜினுக்கு அது பெரிய விருந்து. அதனாலதான் தமிழ் இசோரா அவ்வளவு உசிரோட இருக்கான். ஆனா இதைக் கேளுங்க."

ஓனிபாராவின் குரல் ஒலித்தது. 'உன் அலை என் கரையைத் தாண்டாது, சிறுவனே!' அதன்பின் ஒரு வெற்றிடம். சத்தம் இல்லாத இடம் அல்ல அது. ஒருத்தி மூச்சை இழுத்து, விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் இடம். பிறகுதான் இசோரா பேசினான்.

ஷாகிரா அடுத்ததைப் போட்டாள். வேறு வசனம், வேறு நாள், அதே வெற்றிடம். இன்னொன்று. இன்னொன்று.

"அரை நொடி மேடம். ஓனிபாரா பேசினா மட்டும். வேற யார் பேசினாலும் கிடையாது. ஒரு தடவை ரெண்டு தடவைன்னா தற்செயல்னு விட்டுடலாம். இது வருஷக்கணக்கா இருக்கு." ஷாகிரா காபியைக் கீழே வைத்தாள். "அங்க என்ன மேடம் நடந்துச்சு?"

"ரெக்கார்டிங் பூத் சின்னது," என்றாள் வசுமதி. "ஏசி வேலை செய்யாது. மூச்சு முட்டும்."

"மத்தவங்க பேசும்போது முட்டலையே."

வசுமதி காபி டம்ளரை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தாள். ஷாகிராவும் கிளறவில்லை. அடுத்த மாதம் சென்னையில் தமிழ்க் குரலிலேயே பெரிய போட்டி நடக்கப்போகிறது, அதற்குள் சரிசெய்தாக வேண்டும் என்றாள். கற்றுக்கொண்டதை இன்ஜின் அழிக்காது, மேலே புதிதாகக் கற்றுக்கொடுக்கத்தான் முடியும். அதே பூத், அதே மைக், அதே இரண்டு பேர். அந்தக் குரலுக்கு எதிரே வசுமதியின் மூச்சு தடையில்லாமல் போவதை ஒருநாள் முழுக்கக் கேட்டால் போதும்.

"அவரு?"

"சந்தோஷமா ஒத்துக்கிட்டார் மேடம்."

ஒத்துக்கொள்ளாமல் என்ன? வசுமதிக்குக் காதெல்லாம் சூடேறியது. முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லி அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டு, ஆட்டோ பிடித்து நேரே ஸ்டூடியோவுக்குப் போனாள்.

தேவசகாயத்தின் ஸ்டூடியோ இன்னும் அதே இடத்தில்தான் இருந்தது. கீழே ஜெராக்ஸ் கடை, மேலே ஒலிப்பதிவு. தேவசகாயம் அந்தக் காலத்துச் சவுண்ட் இன்ஜினியர், அந்த இடத்தின் சொந்தக்காரரும் அவரே. பதிவை நடுவில் நிறுத்தினால் ஆர்ட்டிஸ்டுக்குச் சூடு ஆறிவிடும் என்பது அவர் கொள்கை. காலையில் ஓடவிட்டால் சாப்பாட்டு வேளைக்குத்தான் நிறுத்துவார். பதிந்த எதையும் அழிக்கவும் மாட்டார். சகாயத்தின் ரோல் எமன் கணக்கு மாதிரி என்று ஆர்ட்டிஸ்டுகள் கேலி செய்வார்கள்.

"வா வசு, வா. என்ன இந்தப் பக்கம்?"

"எல்லாத்தையும் அப்படியே தூக்கிக் குடுத்துட்டீங்களாண்ணே?"

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "ஆர்க்கைவ் வேணும்னு கேட்டாங்க. எடுத்துப் பிரிக்கறதுக்கு எனக்கு ஆள் ஏது? மொத்தமா குடுத்தேன். இப்படி ஆகும்னு யாரு கண்டா?"

"உங்களுக்குக் கேட்டுச்சா?"

"எது?"

"நடிக்காதீங்கண்ணே. நடிக்கிறது என் தொழில். நாங்க பூத்ல நிக்கும்போது நீங்க ஹெட்போன் போட்டிருப்பீங்க. நான் எச்சில் முழுங்கினாக்கூட உங்களுக்குக் கேக்கும். அவரு பேசினது கேட்டுச்சா, கேக்கலையா?"

தேவசகாயம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

நடந்தது இதுதான். சண்டைக் காட்சிக்குச் சூடு வரவேண்டும் என்று டப்பிங் டைரக்டர் இருவரையும் ஒரே மைக்கில் நிற்க வைத்தார். வசுமதிக்கு உதட்டசைவு தவறினால், அல்லது மார்த்தாண்டனை விட அவளுக்குப் பாராட்டு அதிகம் விழுந்துவிட்டால், அவன் கை அவள் மேல்கையின் உள்பக்கத்துக்கு வரும். ரவிக்கைக் கை மறைக்கிற இடமாகப் பார்த்து, நகம் பதியக் கிள்ளித் திருகும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அவன் அவளைத் தட்டிக்கொடுப்பதாகத்தான் தெரியும். அப்படியே குனிந்து அவள் காதோரம் இரண்டு வார்த்தை சொல்வான். 'வீட்டுக்கு வா.' வீட்டுக்குப் போனால் கிள்ளலோடு நிற்காது. அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அடுத்த டேக்கை ஓகே செய்வாள். டைரக்டர் கையைத் தட்டி, "பாத்தியா வசு, மார்த்தாண்டன் பக்கத்துல நின்னாத்தான் உனக்குக் கரெக்டா வருது" என்பார். மனிதர் அதைப் பாராட்டு என்றுதான் நினைத்துச் சொன்னார்.

"கேட்டுச்சு," என்றார் தேவசகாயம்.

"வருஷக்கணக்கா."

"புருஷன் பொண்டாட்டி விஷயம் வசு. நான் எப்படி நடுவுல மூக்கை நுழைக்கிறது?"

"மூக்கை நுழைக்க வேணாம். காதுதான் ஏற்கெனவே உள்ள இருந்துச்சே! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பூத்துக்குள்ள பேசற டாக்பேக்கை அமுக்கி, 'மார்த்தாண்டா, கையை எடு'ன்னு சொல்லியிருந்தா உங்க ஸ்டூடியோ இடிஞ்சா விழுந்திருக்கும்?" அவள் குரல் கீழே ஜெராக்ஸ் கடை வரைக்கும் கேட்டிருக்கும். "ஒரு மெஷின்ணே. ஒரு மெஷின் கேட்டுட்டு, இந்தப் பொம்பளை பயப்படறான்னு கண்டுபிடிச்சிருக்கு. மனுசன் நீங்க என்னத்தக் கேட்டீங்க?"

தேவசகாயத்துக்குக் கண் கலங்கியது. அதைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வரவில்லை, இன்னும் ஆத்திரம்தான் வந்தது. எல்லாம் முடிந்த பிறகு வருகிற அழுகையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கினாள்.

வீட்டுக்கு வந்தபோது ஆதிரை அந்த விளையாட்டைத்தான் ஆடிக்கொண்டிருந்தாள். திரையில் இசோரா. எதிரே ஓனிபாரா வாயைத் திறந்தான். இசோராவின் தோள் ஒடுங்கியது. முகம் லேசாக இடப்பக்கம் திரும்பியது. வலது கை தானாக இடது மேல்கையை மறைத்துக்கொண்டது. அடி விழுந்தது. வசுமதி இதுவரை விமர்சனங்களைத்தான் படித்திருந்தாள். இதைப் பார்த்ததில்லை. பதினான்கு வயதுப் பையனின் உடம்பில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"அதை அணை."

ஆதிரை அணைக்கவில்லை. மறுபடி ஆரம்பித்தாள். "இது ஆக்டிங் இல்லைன்னு எனக்குத் தெரியும்மா. முதல் தடவை பார்த்தப்பவே தெரிஞ்சுது. சமையக்கட்டுல நீ இப்படித்தான் நிப்ப."

"நீ சின்னப் பொண்ணு. உனக்கு என்ன ஞாபகம் இருக்கும்?"

"சத்தம் வராம அடிங்க, புள்ள முழிச்சுக்கும்." ஆதிரை திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள். "தினம் சொல்வியே."

வசுமதி விளையாட்டின் சத்தத்தைக் குறைத்தாள்.

"நான் முழிச்சுக்கிட்டேதாம்மா இருந்தேன்."

"ஏண்டி சொல்லல?" கேட்கும்போதே கத்தினாள். யார்மேல் கத்துகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"

"நான் தூங்கணும்னுதானே நீ அவ்வளவு கெஞ்சின? அதான் தூங்கற மாதிரியே இருந்தேன்." ஆதிரை கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள். அவள் கன்னமெல்லாம் நனைந்திருந்தது, ஆனால் குரல் நடுங்கவில்லை. "ஆளாளுக்கு உன்னைத் திட்டுறானுங்க. அந்தாளு பேட்டி குடுத்துச் சிரிக்கிறான். நீ வந்த பொண்ணுகிட்ட பூத் சின்னதுன்னு சொல்லிக்கிட்டு இருக்க. எனக்கு வயிறு எரியுதும்மா."

வசுமதி திரையைத் தானே அணைத்தாள். தன் உடம்பில் பட்டதெல்லாம் தன்னோடு முடிந்தது, குழந்தையை மட்டும் காப்பாற்றிவிட்டோம் என்று அவள் நம்பியிருந்தாள். அவளிடம் மிச்சமிருந்த ஒரே பெருமை அதுதான். இப்போது அதுவும் இல்லை.

அவள் ஷாகிராவுக்குப் போன் செய்தாள். "வர்றேன். ஆனா அதே மாதிரிதான் ரெக்கார்ட் பண்ணணும். ஒரே மைக். சகாயம் அண்ணன்தான் உக்காரணும். ரோலை யாரும் நிறுத்தக்கூடாது. என்ன ஆனாலும்."

பதிவு நாளன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கூட்டம் நெரிந்தது. ஷாகிரா, கம்பெனியின் விளம்பரப் பிரிவு ஆட்கள் இருவர், சங்கத்திலிருந்து மாலையோடு நாலைந்து பேர். பழைய ஜோடி மறுபடி ஒரே மைக்கில் நிற்பது அவர்களுக்கு விழா. ஆதிரை ஒரு மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மார்த்தாண்டன் சென்ட் மணக்க வந்து, எல்லோருக்கும் கும்பிடு போட்டு, மகளைப் பார்த்து, "என்னம்மா, நல்லா இருக்கியா?" என்றான். ஆதிரை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் சிரித்தபடி பூத்துக்குள் வந்தான்.

"பயப்படாத வசு," என்றான் மைக்கை விட்டுத் தள்ளி நின்று. "நான் பாத்துக்கறேன்."

அதே பச்சைத் துணிச் சுவர், அதே வியர்வை வாடை. வசுமதி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். "அண்ணே, ரோல் ஓடுதா?"

"ஓடுது வசு," என்றது தேவசகாயத்தின் குரல்.

முதல் சில வசனங்கள் ஒழுங்காகப் போயின. ஓனிபாரா கர்ஜித்தான், இசோரா பதில் சொன்னான். ஷாகிரா திரையைப் பார்த்து இல்லையென்று தலையை ஆட்டினாள். அரை நொடி இன்னும் அங்கேயேதான் இருந்தது. வசுமதி எவ்வளவு முயன்றாலும் மூச்சு நின்று நின்றுதான் போனது. ஒன்பது வருஷம் போதவில்லை என்று அவள் உடம்பு சொன்னது. அந்த உடம்பின்மேல் அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அடுத்த வசனத்தில் அவள் வேண்டுமென்றே தவறினாள். அதற்கடுத்ததிலும் தவறினாள். விளம்பரக்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மார்த்தாண்டன் கண்ணாடிப் பக்கம் பார்த்து, என்ன செய்ய என்பதுபோலச் சிரித்தான். பிறகு பழக்கதோஷத்தில், யோசிக்காமலே, கை அவள் மேல்கைக்கு வந்தது. அதே இடம். குனிந்தான்.

"இன்னும் திருந்தலையாடி நீ?"

வசுமதி கையை உதறவில்லை. மைக்குக்கு நேராக முகத்தை வைத்து வாயைத் திறந்தாள். வந்தது அவள் குரல் அல்ல, இசோராவின் குரல். ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் நரம்பில் ஊறிப்போன அந்தப் பையன் குரல்.

"கையை எடு, ஓனிபாரா."

கண்ணாடிக்கு அப்பால் யாரோ கைதட்டினார்கள். வசனம் என்று நினைத்துவிட்டார்கள்.

"உன் கை எங்க இருக்குன்னு அவங்களுக்குத் தெரியல. ரவிக்கை மறைக்கிற இடமா பாத்துத்தானே கிள்ளுவ? அப்பத்தானே வெளிய தெரியாது?" பையன் குரல் ரவிக்கை என்று சொன்னதும் கைதட்டல் பாதியில் நின்றது. "இந்த மைக் முன்னாடி கிள்ளுவ. வீட்டுக்கு வான்னு காதுல சொல்வ. வீட்டுல கதவைச் சாத்திட்டு அடிப்ப. என் பொண்ணு முழிச்சுக்கக் கூடாதுன்னு நான் வாயில துணியை அடைச்சுக்கிட்டு அடி வாங்கினேன். அவ தூங்கல. நீ அடிச்ச ஒவ்வொரு அடியையும் அவ எண்ணிக்கிட்டு இருந்தா."

மார்த்தாண்டனின் கை விலகியது. "கட் பண்ணு," என்றான். "சகாயம், கட் பண்ணுய்யா!"

டாக்பேக் சொடுக்கியது.

"நான் என்னைக்கு மார்த்தாண்டா நிறுத்தியிருக்கேன்?" என்றார் தேவசகாயம். "ரோல் ஓடுது. வசு, நீ பேசும்மா."

"பேட்டியில சொன்னியே, எனக்கு மூச்சு வாங்கும்னு." இப்போது அது இசோராவின் குரல் அல்ல. வசுமதியின் சொந்தக் குரல்தான், கரகரத்து, உரத்து, எந்த வேஷமும் இல்லாமல். "மூச்சு வாங்கலடா. பிடிச்சு வெச்சிருந்தேன். இத்தனை வருஷமா பிடிச்சு வெச்சிருந்தேன். இப்ப விடறேன், கேட்டுக்கோ."

அவள் மூச்சை விட்டாள். பெரிய, நீண்ட, வெட்கமில்லாத மூச்சு. அது ஒலிப்பெட்டிகளில் அறை முழுக்கக் கேட்டது.

மார்த்தாண்டன் கண்ணாடியைப் பார்த்தான். சங்கத்துக்காரர்கள் மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார்கள். ஆதிரை மட்டும் அவனை நேருக்கு நேர் பார்த்தாள். அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, மூச்சை இழுத்து, அப்படியே நின்றான். ஷாகிரா தன் திரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து வசுமதியைப் பார்த்தாள்.

அவன் பூத்தைத் திறந்துகொண்டு போகும்போது யாரும் வழிவிடவில்லை. மறிக்கவும் இல்லை. இடித்துக்கொண்டுதான் போனான்.

விளையாட்டின் திருத்தம் போட்டிக்கு முந்தைய நாள் வெளிவந்தது. அவள் பேசிய ஒரு சொல்லும் விளையாட்டில் வரவில்லை. அதில் ஷாகிரா கண்டிப்பாக இருந்தாள். இன்ஜினுக்குப் போனது அந்த இருவரின் மூச்சு மட்டும்தான். சொற்கள் அடங்கிய பிரதி வசுமதியிடம் இருந்தது. அதை என்ன செய்வது என்று வக்கீலைப் பார்க்க நேரம் வாங்கியிருந்தாள் ஆதிரை.

ஞாயிறு காலை ஷாகிரா கூப்பிட்டாள். "அக்கா, இசோரா சரியாயிட்டான். இப்ப வேற ஒண்ணு கெளம்பியிருக்கு." சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுவது தெரிந்தது. "கம்பெனியில இன்னொரு ரெக்கார்டிங் வைக்கச் சொல்றாங்க. நீங்க வருவீங்களா?"

"எப்ப வேணா வருவேன். அவரு?"

"வர மாட்டேங்கறார்க்கா. தொண்டை கட்டிக்கிச்சாம்."

ஆதிரை விமர்சனப் பக்கத்தைத் திறந்து அம்மாவின் மடியில் வைத்தாள். ரசிகர் உலகம் மறுபடி இரண்டாகப் பிரிந்திருந்தது. இசோரா இப்போதுதான் இசோரா மாதிரி இருக்கிறான் என்று ஒரு பாதி கொண்டாடியது. எங்கள் வில்லனைக் கெடுத்துவிட்டீர்கள் என்று மறுபாதி தலையில் அடித்துக்கொண்டது. ஒற்றை நட்சத்திரம் போட்ட ஒருவன் கோபத்தில் பிழைபிழையாக எழுதியிருந்தான். தமிழ்க் குரலில் விளையாடினால், இசோரா வாயைத் திறந்ததும் ஓனிபாரா அரை நொடி தயங்கி நின்றுவிடுகிறான், ஒவ்வொரு முறையும் அடி வாங்குகிறான், இது பெரிய தவறு, உடனே சரி செய்யவும்.

வசுமதி அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடிப் பதில் அடித்தாள்.

'சரி செய்தாகிவிட்டது.'

கீழே தன் பெயரைப் போட்டாள்.